நஞ்சம்மாளின் கொண்டை

பீளமேட்டு மில்லில், நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில், எனக்குப் பக்கத்து மிஷின் சண்முகப்பிரியாவுக்கு. அவளுடைய மாமியார் நஞ்சம்மாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், தொண்ணூற்றைந்தில், பிரியாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உடம்பு ஊதியது, நின்றபடியே தூங்கி வழிந்தாள். ரசத்தில் ஒரு முடி கிடந்ததென்று தட்டையே விசிறியடித்தாள் நஞ்சம்மாள்.

"உங்கூட்டுல பழனிக்கு நேந்துட்டு மறந்துபோட்டாங்க. மொட்டையடிச்சாத்தான் தீரும். இல்லீனா எம்பையனுக்கு வேற புள்ள பாக்கறேன்."

புருஷன் பாலுசாமியே அவளைப் பழனிக்குக் கூட்டிப்போனான். மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தவள் கக்கூஸில் உட்கார்ந்து அழுதாள்.

வளர்ந்த முடியும் கொட்டியது. மில் டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைவு, தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சீக்காளி என்று தள்ளிவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், அவள் அதை என் பையில் ஒளித்துவைத்து, காலை ஷிப்டுக்கு வந்ததும் விழுங்குவாள். இரண்டு வருஷத்தில் முடி தோளைத் தொட்டது.

"நாந்தான் மொட்டை போட வெச்சேன், பாத்தீங்களா?" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள் நஞ்சம்மாள். அட, என்ன வாய் அது!

தொண்ணூற்றெட்டில் அவளுடைய கொண்டையே எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கியது. குரல் கம்மியது, வெயிலிலும் போர்வை கேட்டாள். இதுவும் அதே தைராய்டுதான் என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

"பாவம், சொல்லீரு புள்ள," என்றேன்.

"எனக்கு ஆருங்கக்கா பாவம் பாத்தா? மொதல்ல மொட்டை. அப்பறந்தான் டாக்டரு."

அன்று சாயங்காலமே மாமியாரிடம் போய் நின்றாள். "அத்தை, நீங்க சொன்ன வைத்தியந்தானுங்க. பழனிக்குப் போயிட்டு வந்தரலாமுங்க."

ஊரெல்லாம் பீற்றிய வாய், எப்படி மாட்டேன் என்று சொல்லும்? கத்தி பட்டதும் நஞ்சம்மாள் தேம்பினாளாம். பிரியா பக்கத்திலேயே நின்று கடைசி முடி விழும்வரை பார்த்தாளாம்.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர், "தைராய்டும்மா. மாத்திரையிலயே சரியாயிருமே, எதுக்கு மொட்டை அடிச்சீங்க?" என்றார்.

நஞ்சம்மாள் முக்காட்டைப் பிடித்தபடி மருமகளைப் பார்த்தாள்.

"எனக்கும் மாத்திரையிலதானுங்க சரியாச்சு, அத்தை," என்றாள் பிரியா.

"தெரிஞ்சேவா என்னைய இழுத்துட்டுப் போன?"

பிரியா பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"நீங்க தெரியாம அடிச்சீங்க. நான் தெரிஞ்சே அடிச்சேனுங்க."