வெள்ளிக்கிழமைகளில் மறைந்த கியர் எழுத்து

எங்கள் அக்கா ராயப்பேட்டையில் பிறந்தவர். ஜவுளி வியாபாரத்துக்காகத் தென்காசிப் பக்கமிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை. பெரியண்ணனுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். நடக்கத் தொடங்கிய வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. அதற்காக யாரும் அவரிடம் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட முடியாது. சொன்னவரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பிறகு தி.நகர் ரவிக்கைத் துணிக்கடையை அக்காதான் நடத்தினார். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர அடுத்தவரை எதிர்பார்த்து நிற்பது அவருக்கு அறவே பிடிக்காது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதை ஓட்ட வலது கால் ஒன்று போதும். அந்தக் கார் வந்த பிறகுதான் அக்கா நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போனார்.

அந்தக் காருக்குத்தான் கோளாறு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கியரில் இருக்கிறோம் என்று P, R, N, D என ஸ்டியரிங்குக்கு முன்னால் தெரியும் கியர் எழுத்து மறைந்துவிடும். பிறகு ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வண்டி முக்கும், முனகும். மறுநாள் எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை அடையாறு பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது. பெரியண்ணன் பயந்துபோனார்.

"போதும்மா, வித்துருவோம். வேற வண்டி வாங்கி டிரைவர் போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை வண்டியப் பார்க்க ஆள் வர்றாங்க" என்றார் அடுத்த வியாழன் இரவு. அக்கா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்தது.

மறுநாள் காலை அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சலீம் பாயிடம் போனார். பாய் முன்பே பார்த்த வண்டிதான். ஸ்கேனரைச் செருகினால், கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற தகவல் நடுவில் அறுந்துபோனதாகக் காட்டும். பேட்டரி, எர்த், ஒயர் எல்லாவற்றையும் சோதித்தாகிவிட்டது. பாய் ஓட்டினால் மட்டும் வண்டி பரம சாது.

"இன்னாக்கா இது, நான் ஓட்னா சூப்பரா கீது, நீங்க ஓட்னா மக்கர் பண்ணுது? உங்க மேல இன்னா கோவம் அதுக்கு?"

"வெள்ளிக்கிழமைதான் வருது பாய். எங்க சித்தி திருஷ்டிங்கிறாங்க."

"சுத்திப் போட வேண்டியதுதானே?"

"போடலாம். திருஷ்டி எந்த ஒயர் வழியா வருதுன்னு தெரிஞ்சா அதுலயே போடலாம்."

பாய் சிரித்துவிட்டார். அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று வெள்ளிக்கிழமைதான். வேண்டுமென்றே வழக்கமான பூஜை எதுவும் செய்யாமல் வண்டியை எடுத்திருந்தார். வழியில் எந்தத் தகராறும் இல்லை. "வெள்ளிக்கிழமை காலையில நான் என்னவெல்லாம் செய்வேனோ, எல்லாத்தையும் இங்கயே செய்யறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

முனைக்கடையில் பூ வாங்கிவர என்னை அனுப்பினார். கிரீஸ் வாடைக்கு நடுவே ஊதுபத்தி ஏற்றி, ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைத்து, பூக்காரம்மா தண்ணீர் தெளித்துத் தந்த மல்லிகையைக் கியர் லிவரில் சுற்றினார். பாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டார். நான் பின்சீட்டில். மயிலாப்பூரை நெருங்கும்போது எழுத்து மறைந்தது.

"காணோம்! பாய், காணோம்!" என்று அக்கா கூவினார். வண்டி கெட்டுப்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை. பாய் குனிந்து லிவரைப் பார்த்தார்.

"அக்கா, பூ ஒழுவுது பாருங்க. தண்ணி நேரா உள்ள எறங்கிக்கினு கீது."

அக்கா ஓரமாக நிறுத்தினார். பாய் லிவரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினார். கியர் இருக்கும் இடத்தை வண்டிக்குச் சொல்லும் சுவிட்சில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுற்றிலும் பல வாரத்து மல்லிகை இதழ்கள் கருகிக் கிடந்தன. ஈரம் படும் நாளில் தகவல் அறும், காய்ந்ததும் சரியாகிவிடும்.

"சாமிக்கு வெச்சது இப்படி ஆயிருச்சே" என்றேன்.

"சாமி கேட்டாராடி, லிவர்ல சுத்துன்னு?" என்று அந்தப் பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டார் அக்கா.

பாய் புது சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். ஞாயிறு காலை அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து அக்கா பெசன்ட் நகர் வரை போய் வந்தார். இறங்கியதும் அண்ணனே போன் செய்து, வண்டி பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு பல வருடம் அக்கா அதே காரில்தான் கடைக்குப் போனார். கடைசியில் வந்த நோய் முற்றிய பிறகும் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், கடையைக் கவனித்துக்கொண்ட பெண்களுக்கும், சலீம் பாய் குடும்பத்தாருக்கும் இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் நன்றி. அக்காவைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அது யார் என்று உறவினர் பலர் கேட்டார்கள். யாரும் அழைத்துச் செல்லவில்லை. அக்காவே ஓட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.