துலுக்காணம் அறுத்த கட்டு

நகரிப் பக்கத்தில் துலுக்காணத்தின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அடுத்தவன் ஏரைப் பிடித்தாலும் யோசனை சொல்வான், ஆகாது என்றால் சண்டைக்கு நிற்பான். ஆந்திரா பிரிந்து எல்லைத் தகராறு கிளம்பியதும் கேட்கவா வேண்டும்! ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கே கூட்டம் போட்டாலும் முதல் ஆள் இவன்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதன் சொந்தக் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். பெண்டாட்டி தாட்சாயணி வண்டி கட்டிப் புத்தூருக்குக் கொண்டுபோனாள். எலும்பு முறிந்தால் அந்தச் சீமையில் வேறெங்கே போவார்கள்? வைத்தியர் எலும்பைப் பொருத்தி, பச்சிலை பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். தான் பிரிக்கும் வரை காலை ஊன்றக்கூடாது என்று கறாராகச் சொல்லியனுப்பினார்.

படுத்துக்கிடக்க இவனால் முடியுமா? திருத்தணியில் பெரிய கூட்டம் என்று காதில் விழுந்ததும் உடம்பு பரபரத்தது. தாட்சாயணி களை பறிக்கப் போன நேரம் பார்த்து, அரிவாளால் கட்டை அறுத்தெறிந்துவிட்டுக் கிளம்பினான். வாசல்படி தாண்டவில்லை, கால் மடங்கிவிட்டது. அவன் போட்ட கூச்சல் களத்துமேடு வரை கேட்டது.

மறுபடி புத்தூர். காலைப் பார்த்ததும் வைத்தியரின் முகம் மாறியது.

"ஏமய்யா, கட்டை யாரு பிரிச்சது?"

"அதுவா அவுந்துக்கினுச்சு சாமி."

வைத்தியர் கையை எடுத்துவிட்டார். "அதுவா அவுந்தா என் கட்டு சரியில்ல. வேற ஆளைப் பாரு. நீ பிரிச்சிருந்தா சொல்லு, திரும்பக் கட்டறேன். இப்படியே சேர்ந்துட்டா ஏர் பின்னால நடக்க முடியாது."

காத்திருந்த சனம் முழுக்க இவனையே பார்த்தது. துலுக்காணம் பெண்டாட்டியைப் பார்த்தான். எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவள் அன்றைக்குப் பார்த்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் சாமி. அரிவாளால அறுத்துட்டேன். புத்தி கெட்டுப்போச்சு."

மானம் போனது போனதுதான். ஆனாலும் சொன்ன பிறகு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வைத்தியர் வேறொன்றும் கேட்காமல் காலை இழுத்துப் பொருத்தினார். இவன் அலறிய அலறல்! அப்புறம் வீட்டில் புரளக்கூடத் தாட்சாயணியைக் கூப்பிட்டான். இதற்குள் எல்லையும் முடிவாகி, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போக, இவன் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்துச் சேதி சொல்ல வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். கால் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

கட்டுப் பிரித்த அன்று வைத்தியர் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றான். ஓரடி வைத்தான். கால் தாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னோர் அடி வெக்கட்டுமா சாமி?"

கல்யாணமான நாளாக அவன் யாரிடமும் அனுமதி கேட்டுப் பார்த்திராத தாட்சாயணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.