மிம்மோ அழித்த பத்து செக்கன்

மிம்மோ போய்விட்டார்.

காலையில் மீன் வாங்கப் போகும்போது வுச்சீரியா சந்தை முனைச் சுவரில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. தொமெனிக்கோ என்று ஏதோ முழுப்பெயர், ஒரு சின்னப் படம்... யாரோ என்று தாண்டிப் போய்விட்டேன். நாலு அடி போனபிறகுதான் நெற்றியில் ஏற்றிவிட்ட அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தால், அவரேதான். தொமெனிக்கோவை இங்கே செல்லமாக மிம்மோ என்பார்கள்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த நம்மாட்கள் பலருக்கு அவருடைய கடை தெரியும். ஊருக்குப் பேசி அனுப்ப வெறும் கசெற் அங்கேதான் வாங்குவோம். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட எல்லாரும் கசெற்றில் பேசித்தான் அனுப்பினோம்.

எனக்கு அது பாட்டுக் கடை.

கால்சா பகுதியில் ஒரு சின்யோரா வீட்டில் வேலை செய்தேன். வியாழன் பின்னேரம் லீவு. மற்றப் பெண்கள் கடற்கரைக்கோ கோயிலுக்கோ போவார்கள், நான் மிம்மோ கடைக்குப் போவேன். எனக்கு விசர் என்று அவர்கள் சொன்னார்கள்... சொல்லட்டும்.

அவரிடம் ஒரு பழக்கம். எனக்கென்று ஒரே ஒரு கசெற். வியாழன் கொண்டுபோய்க் கொடுத்தால், போன வாரத்துப் பாட்டின் மேலேயே புதிதாக ஒன்றைப் பதிந்து கடை பூட்டுமுன் தருவார். பிடித்ததை வைத்துக்கொள்ளக் கேட்டால் விடமாட்டார். "கேட்டிட்டாய்தானே, பிறகென்ன?"

ஒரு வாரம் ஒபெரா, ஒரு வாரம் ஜாஸ், ஒரு வாரம் மீனவர் பாட்டு. வாக்மேனை ஏப்ரன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சின்யோராவின் உடுப்புகளை அயன் பண்ணுவேன். ஆவி எழும்பும், ஜன்னலில் கடல் வெளிச்சம் ஆடும், நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே மறந்துபோகும். இரண்டு சட்டை கருகியது. ஏச்சும் கிடைத்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாதஸ்வரக் கசெற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நிமிஷம் பேசாமல் கேட்டுவிட்டு, இந்த மனுஷன் எப்போது மூச்சு விடுவான் என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க வந்தவன் போனவனுக்கெல்லாம் அதையே போட்டிருக்கிறார்...

அம்மா மன்னாரில். சண்டைக் காலம். நான் அனுப்பிய மிம்மோ கடைக் கசெற்றிலேயே பேசி, இங்கே வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். செக்பொயின்றில் கேள்வி வரும் என்று மேலே ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அது வந்து இரண்டு மாதத்தில் அம்மா இறந்துபோனார். என்னுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதித் தாள், புதுப்பிக்கக் கொடுத்து, அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. போக முடியவில்லை. அம்மா என்று என்னிடம் மிஞ்சியது அந்தக் கசெற்தான்.

மிம்மோ பதிந்து தரும் கசெற்றிலும் எழுத்து இல்லை. வாராவாரம் மாறுவதற்கு என்னத்தை எழுதுவது? இரண்டும் ஒரே நிறம், ஒரே கம்பனி.

ஒரு வியாழன், மாறிக் கொடுத்துவிட்டேன்.

கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்போம் என்று போட்டால், போன வாரத்து ஒபெரா. செருப்பையும் சரியாகப் போடாமல் திரும்பி ஓடினேன்.

மிம்மோ கசெற்றும் கையுமாக வாசலில் நின்றார். ஏதோ கிளாரினெட் இசைத்தட்டைப் பதியத் தொடங்கியிருக்கிறார். தட்டில் கீறல், ஊசி குதித்துவிட்டது. நிறுத்தி, எதுவரை பதிந்தது என்று போட்டுப் பார்த்தால், கிளாரினெட் முடிகிற இடத்தில் ஒரு பெண் கதைக்கிறார்.

பத்து செக்கன்தான் அழிந்தது என்றார்.

அந்தப் பத்து செக்கனில்தான் அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். "சூட்டி... சூட்டி, அம்மா கதைக்கிறன்." நான் கடைசிப் பிள்ளை, அதனால் செல்லமாகச் சூட்டி. அப்படிக் கூப்பிட அம்மாவைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

இப்போது கிளாரினெட், பிறகு டக்கென்று ஒரு சத்தம், பிறகு "...சாப்பிட்டியே?"

வாயில் வந்தபடி ஏசினேன். தமிழிலும் ஏசினேன், இத்தாலியனிலும் ஏசினேன். பிழை என்னுடையது என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் ஏசினேன். அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கசெற்றின் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்தார். அவை இல்லாவிட்டால் அதன்மேல் இனி எதுவும் பதியாது.

நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வியாழனில் கடற்கரையில் சும்மா குந்தியிருந்தேன். பாட்டே வேண்டாம் போலிருந்தது.

பிறகு ஒருநாள், எங்கோ போக வெளிக்கிட்டு, அவருடைய கடை வாசலில் நிற்கிறேன். வா என்றும் இல்லை, எங்கே போனாய் என்றும் இல்லை.

"அந்த அழிஞ்ச இடத்திலை உன்ரை அம்மா என்ன சொன்னவா?"

"என்னைக் கூப்பிட்டவா. சூட்டி எண்டு."

இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அன்றையிலிருந்து அவர் என்னை வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை.

கடை சிடிக்கு மாறி, பிறகு பூட்டி, அவர் தடி ஊன்றி நடக்கிற காலத்திலும் தெருவின் அந்தக் கரையில் நின்று ஊருக்கே கேட்கச் "சூட்டி" என்று கத்துவார். என் பிள்ளைகளுக்கு ஒரே வெட்கம்.

போன மாதமும் கூப்பிட்டார். பஸ் வந்துவிட்டது... கையைக் காட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

இன்று பின்னேரம் ஒரேத்தோ தெருவில் இருக்கிற எங்கள் வீட்டில் பழைய பிளேயரைத் தேடி எடுத்து அந்தக் கசெற்றைப் போட்டேன். இத்தனை வருஷமும் கிளாரினெட்டை ஓடவிட்டுத் தாண்டித்தான் அம்மாவைக் கேட்பேன்.

இன்று கிளாரினெட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

போயிட்டு வாங்கோ, மிம்மோ. அண்டைக்கு நிண்டு கதைக்காமல் பஸ் ஏறினதுக்கு மன்னியுங்கோ.

சூட்டி