நோங்க சாமி

கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலையும் கையுமாக உட்கார்ந்ததும், யாராவது ஒரு மச்சான் என் பக்கம் திரும்புவார். "அந்த நோங்க கதையைச் சொல்லுங்க மாப்ள." நானும் அதை முதல் தடவை சொல்பவனைப்போல் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன்.

சின்னக் கதைதான். பள்ளிக்கூட நாளில் நான் சேலம் ஜில்லாப் பையன்களின் கிரிக்கெட் அணியில் ஆடியவன். இதைச் சொன்னவுடன் எல்லோரும் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கு இடம்விட்டு நிறுத்துவேன். அதே அணியில் எங்கள் பண்ணையத்து ஆள் ஒருவரின் மகனும் ஆடினான். ரன் எடுக்கும்போது எதிர்முனையில் இருப்பவனுக்கு 'எஸ்', 'நோ', 'வெயிட்' என்று கத்த வேண்டும். முதலாளி மகனைப் பார்த்து மொட்டையாக 'நோ' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. "நோங்க சாமி" என்பான். "வெயிட்டுங்க சாமி" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து திரும்பி வந்துவிடும்.

இந்த இடத்தில் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரிப்பார்கள். நானும் கதையை இங்கேயே முடித்துவிடுவேன். இருபது வருஷமாக இங்கேதான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி மிச்சம்.

அணியில் நான் சேர்ந்தது மட்டையால் அல்ல, மாட்டுவண்டியால். அப்போதெல்லாம் தரையில் தென்னைநார்ப் பாயை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து, அதன்மேல்தான் ஆட்டம். அந்தப் பாயைச் சுருட்டினால் செத்த எருமையின் கனம். அதை ஊர் ஊராகக் கொண்டுபோக என் அப்பா வண்டி கொடுத்தார். வண்டியோடு நானும் போனேன். பத்தாவது ஆளாக இறங்குவேன். பதினோராவதாக இறங்கியவன் என்னைவிட நன்றாக ஆடுவான். ஆனால் அவன் வீட்டில் வண்டி இல்லை.

நான் சொன்னேனே, எங்கள் பண்ணையத்து ஆளின் மகன், அவன்தான் முதலில் இறங்குபவன். அவன் அய்யன்தான் அந்த வண்டியை ஓட்டிவருவார். பையன் பாயின்மேல் உட்கார்ந்து வந்து, பாயை இறக்கி விரித்து, ஆணி அடித்து, அதே பாயின்மேல் நின்று ஐம்பது அறுபது என்று அடிப்பான். ஆட்டம் முடிந்ததும் ஆணி பிடுங்குவான். மத்தியானச் சாப்பாடு எங்களுக்குக் கூடாரத்துக்குள், அவனுக்கு வண்டி நிழலில். அது தப்பென்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதாக எழுத ஆசைதான். தோன்றவில்லை.

முதல் ஆட்டம் ஈரோட்டில். பள்ளிபாளையத்தில் பாயைப் பரிசலில் ஏற்றினோம். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் மறுபக்கம் உட்கார்ந்ததும் நேரானது. அணிக்கு அன்று நான் செய்த ஒரே உதவி அது. மட்டையோடு போய் முதல் பந்திலேயே திரும்பி வந்தேன். அவன் அறுபத்து மூன்று.

அவனுடைய 'ங்க'வைத் திருத்த டிரில் மாஸ்டர் படாத பாடு பட்டார். அவர் ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு ஊர்.

"இன்னாடா இது? பந்து போவுது, நீ மரியாதை குடுத்துக்கினு நிக்கிற? நோன்னு சொல்றா!"

"வரமாட்டீங்குதுங்க சார்."

"ஏன், வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"மத்தவிங்களுக்கெல்லாம் வருதுங்க. இவிங்களுக்குத்தான் வரமாட்டீங்குது" என்று என்னைக் காட்டினான்.

"இவன் இன்னா, கலெக்டரா?"

"கலெக்டருக்குன்னாச் சொல்லிப்போடுவேனுங்க சார்."

பத்துத் தடவை சொல்லச் சொன்னார். அவன் முகத்தை அக்கட்டால திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து "நோ" என்றான். நான் அது மரத்துக்குச் சொன்னது என்று நினைத்து ஓடினேன். டிரில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் சேலத்தில், கோயமுத்தூர் ஜில்லாப் பையன்களோடு. ஒரு வாரம் முன்னால் டிரில் மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆட்டம் பார்க்க ரயில்வேயிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். தன் அணிக்கு ஒரே ஒரு பையனை எடுப்பார். எடுக்கப்பட்டவனுக்கு ஆபீஸில் வேலையும் உண்டு. "உன்னியப் பத்தி எழுதிட்டேன். நீ ஒழுங்கா நின்னு ஆடு, அது போதும்."

சேலம் போகும்போது வண்டியில் அவன் பாயின்மேல் மல்லாந்து படுத்திருந்தான். அவன் அய்யன் முன்னால் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சுதுன்னா எங்கய்யனையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேனுங்க" என்றான் மெதுவாக.

"எங்கடா?"

"ரயிலு போற பக்கமுங்க."

"அப்பறம் எங்க மாட்டை யாருடா பாக்கறது? வெள்ளைக்காரனா?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். நான் சிரித்ததால் அவனும் சிரித்தான். அவன் அய்யன் சிரிக்கவில்லை. மாட்டின் வாலை முறுக்கினார்.

இன்று ஃபேர்லேண்ட்ஸ் என்று பங்களாக்கள் நிற்கும் பக்கம் அப்போது வெறும் பொட்டல். அங்கேதான் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே அந்த அதிகாரி, பக்கத்து நாற்காலியில் ஜரிகைத் துண்டோடு என் அப்பா. அவன் அய்யன் தூரத்தில் அவிழ்த்துவிட்ட மாடுகளோடு நின்றார்.

எட்டு விக்கெட் போய் நான் இறங்கியபோது ஜெயிக்க நாலு ரன் வேண்டும். அவன் நாற்பத்தேழு. அரைச் சதத்துக்கு மூன்று, ஜெயிப்பதற்கு நாலு. ஒரே ஓர் அடி போதும், இரண்டும் முடிந்துவிடும். பாதி வழியில் வந்து என்னிடம் சொன்னான்.

"சாமி, நீங்க சும்மா நின்னாப் போதுமுங்க. எதுக்கும் ஓடாதீங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேனுங்க."

சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும். வந்த இரண்டு பந்தும் என்னையும் ஸ்டம்பையும் விட்டு விலகிப் போயின. அடுத்த ஓவரில் அவன் பந்தை வலப்பக்கம் தட்டினான். அங்கே ஆள் இருந்தான். "நோங்க..." என்று ஆரம்பித்தான். அதே நேரம் கூடாரத்திலிருந்து என் அப்பாவின் குரல்: "ஓடு அப்புனு!"

ஓடினேன். பாதிப் பாய் தாண்டியதும் எதிரே பார்த்தேன். பந்து ஏற்கெனவே அந்த ஆளின் கையில். நான் திரும்பவும் முடியாது. அவன் தன் கோட்டுக்குள் பத்திரமாக நின்றிருந்தான். அவன் அங்கேயே நின்றிருந்தால் நான்தான் அவுட். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பதினோராவது ஆள் வருவான், இவன் நாலு ரன்னை அடித்துவிடுவான். இது எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

"வாடா!"

பாயில் என்னைக் கடந்து போனபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் போய் அவன் நின்ற இடத்தில் நின்றேன். பந்து எறியப்பட்ட முனையில் மூன்று ஸ்டம்பும் சிதறின. அவன் இன்னும் இரண்டு கெஜம் ஓட வேண்டியிருந்தது.

பயத்தில் கத்தினேனா, வண்டியில் கேட்ட கேள்வி உள்ளே கிடந்து கத்தியதா என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பயம் என்றே பதில் வருகிறது. கேட்பவனும் பதில் சொல்பவனும் நானே என்பதால் அந்தப் பதிலை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அடுத்த பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினேன். அது விளிம்பில் பட்டுப் பின்பக்கம் எல்லைக்கோட்டைத் தாண்டியது. நாலு ரன். பருவம் முழுவதும் நான் எடுத்ததே அந்த நாலுதான். என்னைத் தோளில் தூக்கினார்கள், கஷ்டப்பட்டுத்தான் தூக்கினார்கள்.

கூடாரத்தில் அதிகாரி ஏதோ கேட்க, டிரில் மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரன்னுக்கு யார்ரா கூப்ட்டது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அப்பா ஒரு லட்டை வைத்தார்.

"நாந்தானுங்க சார். தப்பா ஓடிட்டேனுங்க" என்றான் அவன்.

அதிகாரி தலையை ஆட்டி இரண்டு வார்த்தை சொன்னார். அவசரக்காரன், ஓடத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். லட்டைச் சவைத்துக்கொண்டே கேட்டேன். எடுக்கப்பட்டவன் கோயமுத்தூர்ப் பையன். எங்கள் ஆள் வெளியே போய் ஆணி பிடுங்க ஆரம்பித்தான்.

அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எங்கள் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டினான். தோல்பையில் தண்ணீர் ஏற மாடுகள் சரிவில் இறங்கும். பிறகு பின்னாலேயே ஏறும். காலையிலிருந்து அவன் அந்த இரண்டு முனைக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருப்பான். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்துச் சங்ககிரியில் ஒரு கல்யாணம். நான் வழக்கமான கதையைச் சொல்லிச் சிரிப்பும் வாங்கிவிட்டேன். அப்போதுதான் பந்தல்காலுக்குப் பக்கத்தில் தோளில் வாழையிலைக் கட்டோடு அவன் நிற்பதை ஒரு மச்சான் பார்த்தார்.

"அட, ஆளே இங்க நிக்கறானே! என்றா, எங்க, ஒருக்காச் சொல்லு பாக்கலாம்!"

அவன் கட்டை இறக்காமலே என்னைப் பார்த்து, "நோங்க சாமி" என்றான். நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னான். பந்தலே அதிர்ந்தது.

அவன் பின்னாலேயே சமையல் கொட்டகைக்குப் போனேன். அவன் இலையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா அன்னிக்கு ஓடுன? நின்னிருக்கலாமல்ல?"

"நின்னிருக்கலாமுங்க." ஓர் இலையை உதறி வைத்தான். "பெரிய சாமி கூடாரத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. அவிங்க பையன அவுட்டாக்கிட்டு நான் நின்னா, பொழுதோட ஊட்டுக்கு வந்து எங்கய்யன் அவிங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுங்க? அந்த நேரத்துல அவ்வளவுதான் ரோசிக்க முடிஞ்சுது."

"நாந்தான் கூப்புட்டேன்னு அந்த வெள்ளைக்காரன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்டா."

'அதெல்லாம் இல்லீங்க சாமி, உடுங்க' என்பான் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

"ஆமாங்க" என்றான்.

உள்ளே இன்னும் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. "இப்பப் போயி எல்லாத்துக்கும் முன்னால சொல்லிப்போடட்டுமா? முழுசா?"

அவன் நனைத்த இலைகளை அள்ளிக்கொண்டு எழுந்தான். என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நோ" என்றான்.

இலைகளோடு பந்திப் பக்கம் போய்விட்டான். நான் பந்தலுக்குப் போனேன். புதிதாக வந்த ஒரு மாமனுக்கு அந்தக் கதையைக் கேட்க வேண்டுமாம்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். எப்போதும் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தினேன்.