மூடினாலும் தூங்காத லேப்டாப்

தூங்க வைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. ஹட்டனில் லேப்டாப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எரிந்ததைத் திருத்திவிடலாம். தூங்காததைத் தூங்க வைப்பதுதான் பெரும்பாடு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திங்கள்: பொத்தான்

சிவாஜினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் அறை எடுத்து, தினமும் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அவருடைய பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டவன் நான். ஆகவே பழியும் எனக்கே. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மழை வந்தால் பள்ளிக்கூடத்தில் கரண்ட் நிற்கும். பேட்டரிதான் கதி.

பிறை போட்ட பொத்தானை அழுத்தினால் சேதி உள்ளே போகிறது, கேட்பாரில்லை. அதற்கு ஒரு கட்டளையைக் கட்டிவிட்டேன். அழுத்தினேன், தூங்கியது. தட்டினேன், எழும்பியது. பத்துத் தடவை பார்த்தேன். டீச்சர் சொன்னார்: "காணும் ஐயா. இப்பிடி எழுப்பி எழுப்பிப் பாத்தா அதுக்கும் விசர் பிடிக்கும்."

செவ்வாய்: சூடு

மறுநாள் பின்னேரம் திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் பையைத் திறந்தால் லேப்டாப் தோசைக்கல் மாதிரிச் சூடாம். பேட்டரி காலி. காலையில் அடித்த எட்டுக் கேள்விகளும் போச்சு. "சேவ் பண்ணலையா?" என்றேன், கொஞ்சம் உரத்து.

"நித்திரைதானே எண்டு விட்டிட்டன். நித்திரையால எழும்பேக்க உங்களுக்குப் பேர் மறந்துபோறதோ?"

புதன்: தவளை

சரி, முழுத் தூக்கம் போடலாம் என்று பார்த்தேன். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அடியோடு அணைகிற வித்தை அது. எழுத இடமில்லை. டிஸ்க் நிறையத் தவளை அறுக்கும் வீடியோ. காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த டீச்சரிடம் அழியுங்கள் என்றேன்.

"எங்கட பள்ளிக்கூடத்தில ஆய்வுகூடம் இல்லை ஐயா. பிள்ளையளுக்கு இதுதான் ஆய்வுகூடம். அழிக்கேலாது."

வியாழன்: முடக்கு

அதன்பிறகு புதன் முழுக்க லேப்டாப்பைத் தூங்க வைத்து என் மேசையில் மூடி வைத்திருந்தேன். ஒரு தடவைகூட விழிக்கவில்லை. டீச்சர் பையில் போனால் மட்டும் விழிக்கிறது. எனக்கு எரிச்சல். வியாழன் காலை கடையைத் திறக்காமல் அவரோடு பஸ் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். கொண்டக்டர் லேப்டாப் இருந்த, ஜிப் போடாத டீச்சருடைய பையை வாங்கி, வழக்கம்போல் டிரைவர் பக்கத்தில் வைத்தார். நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அதுவாங்க? முந்தாநாளே பாத்தேன். முடக்குல பஸ் திரும்புனா பைக்குள்ள அந்த மவுஸு உருளும், ஒடனே லேப்டாப்புல சின்ன வெளிச்சம் வரும். வேணும்னுதான் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

வயரில்லாத மவுஸ். அதன் குட்டி ரிசீவர் லேப்டாப்பிலேயே குத்தி இருந்தது. மவுஸ் அசைந்தால் லேப்டாப் எழும்பும். பொகவந்தலாவைப் பாதையில் முடக்குக்கா பஞ்சம்? புதன்கிழமை மவுஸ் டீச்சர் பையோடு போய்விட்டது. என் மேசையில் அசைக்க ஆளில்லை. ரிசீவரைப் பிடுங்கி டீச்சர் கையில் கொடுத்தேன். மிச்ச வழி முழுக்கப் பைக்குள் வெளிச்சமே இல்லை. நான் மூச்சு விட்டேன். கொண்டக்டர் கையை நீட்டினார்.

"டிக்கெட் எடுக்கலையே பெரியவரே."

வெள்ளிக்கிழமை வினாத்தாள் சொன்னபடி அச்சுக்குப் போனது. மூன்று நாள் மேசையில் நான் தேடிய பிழையை நின்றுகொண்டே பிடித்தவர் பஸ் கொண்டக்டர் செல்வராஜ்.