கண்ணாடியில் தலைகீழாய் நைனா

"செல்லுல எடுத்திருந்தா இந்நேரம் எறங்கியிருக்கலாம்மா" என்றாள் மகள். செஞ்சிக் கோட்டை உச்சியில் அவளை நிறுத்திவிட்டு, ஃபிலிம் கேமராப் பெட்டியின் கறுப்புத் துணியை விரித்தார் படமெடுக்க வந்த இளைஞர். துணியின் புழுக்க வாடை என்மேல் அடித்தது.

ஆறு வயதில் இதே கோட்டையில் ஸ்டுடியோக்காரர், "உள்ள வந்து பாரு பாப்பா" என்று என்னை அப்படியொரு துணிக்குள் இழுத்துக்கொண்டார். அந்த இருட்டில், எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டும் கேமராவின் கண்ணாடியில் என் அப்பா, நைனா, தலைகீழாகத் தொங்கினார். காலுக்கு மேலே பாறை, தலைக்குக் கீழே வெறும் ஆகாயம்.

"நைனா வுழறாரு!" என்று அலறி, ஓடிப்போய் அவர் கால்களைக் கட்டிக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, நிக்கிறேன் பாரு" என்றார். நான் விடவில்லை. அப்படியேதான் படம் எடுத்தார்கள்.

"நீங்களும் பாருங்கக்கா, இதுல நிதானமா பாக்கலாம்" என்றார் இளைஞர். துணிக்குள் குனிந்தேன். மறுகணமே தலையை வெளியே இழுத்து, "ஓரத்துக்குப் போவாதடி!" என்று கத்தினேன்.

மகள் நடுப்பாறையில்தான் நின்றிருந்தாள்.