தலையணை உறையும் ஏழு தேத்தண்ணியும்

என் வீட்டு அலுமாரியில், துவாய்களுக்கு அடியில், நீலப் பூப்போட்ட பழைய தலையணை உறை ஒன்று கிடக்கிறது. ஒரு காலத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரெக்ஸ்டேல் பகுதி அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினேன். "எங்களுக்குத் தலையணி ஒண்டும் வேண்டாம் தம்பி" என்று ஓர் அன்ரி கதவையே சாத்திவிட்டார்.

கஞ்சாவுக்குச் சட்டம் இடங்கொடாத காலம் அது. அந்தப் பகுதியில் கஞ்சாவோடு பிடிபடுகிறவர்களில் கறுப்பினப் பிள்ளைகளே அதிகம். அவர்கள்தான் அதிகம் புகைக்கிறார்களா, அல்லது பொலிஸ் அவர்களுடைய பைகளைத்தான் அதிகம் திறக்கிறதா என்று அறிய, ஒரு சமூக நிலையம் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. தமிழ் வீடுகள் என் பொறுப்பு. வேறு வேலை கிடைக்காததே என் தகுதி. எங்கள் சுப்பர்வைசர் ஜமேக்காவில் பிறந்த ஒரு கறுப்பின அம்மா. அவருடைய மகன் பஸ் தரிப்பில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டு, கிடைக்கவிருந்த எலெக்ட்ரீஷியன் வேலையை இழந்திருந்தான். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டார்.

நாற்பது வீடுகளை ஒரே கிழமையில் முடித்தேன். பதில் சொல்லவேண்டியவர்கள் இளவட்டங்கள். ஆனால் தாய் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளையிடம் கஞ்சாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வருமா? தேத்தண்ணியை உறிஞ்சியபடி சுற்றி வளைப்பேன். "உது என்ன கதை தம்பி! எங்கட பிள்ளையள் உந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காதுகள்" என்பார் அன்ரி. போனிலிருந்து கண் எடுக்காமல் "நோ, நெவர்" என்பான் மகன். நானும் சந்தோஷமாகக் கேள்வித் தாளில் 'ஒருபோதும் இல்லை'க்கு நேரே புள்ளடி போடுவேன்.

தாள்களைப் பெருமையோடு மேசையில் வைத்தேன். சுப்பர்வைசர் புரட்டினார். "நாற்பது வீட்டிலும் ஒருவர்கூட இல்லையா? நீ போனது அடுக்குமாடிக்கா, சொர்க்கத்துக்கா?" அவர் கேட்டது ஆங்கிலத்தில், எனக்குச் சுட்டது தமிழில். எங்கள் சனத்தைச் சந்தேகிக்கிறாரே என்று முறுக்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கள் வீடுகளில் உண்மை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீடுகளில் வெட்கத்தில் மறைக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கறுப்பர்கள்தான் புகைக்கிறார்கள், பிடித்தது சரி என்று இந்தத் தாளே சொல்லிவிடும். என் மகனை இன்னொரு தடவை பிடித்துக் கொடுக்கப் போகிறாயா?"

என் சொந்தத் தாள் நினைவுக்கு வந்தது. பயிற்சி நாளில் நாங்களும் ஒரு தாள் நிரப்பியிருந்தோம். பார்க்டேல் வாடகை அறையில் இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு ஃபிரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்ட நானே, அதில் 'ஒருபோதும் இல்லை' என்றுதான் போட்டிருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து அந்தத் தலையணை உறையைக் கொண்டுவந்தார். அதே நாற்பது வீடுகளுக்கும் திரும்பப் போ; பதிலைப் பிள்ளைகளே எழுதட்டும். பெயர் போடாமல் என்வலப்பில் வைத்து ஒட்டி இதற்குள் போட்டுக் குலுக்கட்டும் என்றார். தாயைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுப்புவது என் பாடு. எனக்குத் தெரிந்த உபாயம் ஒன்றுதான்: "அன்ரி, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" தண்ணீர் கொதிப்பதற்குள் எழுதி முடிந்துவிடும். நாளுக்கு ஏழு தேத்தண்ணி. அந்த அடுக்குமாடிகளில் எந்த வீட்டுக் கழிவறைக் கதவு சரியாகப் பூட்டாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பெண் பிள்ளை மட்டும் கடைசி நேரத்தில் தயங்கினாள். "அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்கள் அங்கிள்?" "எது உம்முடையது எண்டு எனக்கே தெரியாமப் போகும் பிள்ளை, குலுக்கும்." உறை கிழியுமளவுக்குக் குலுக்கினாள்.

பிரித்துப் பார்த்தபோது எங்கள் வீடுகளும் கறுப்பின வீடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கைதுகள் மட்டும்தான் ஒன்றுபோல இல்லை.

அறிக்கையை முன்வைத்த கூட்டத்தில், பொலிஸ் தரப்பில் வந்தவர் கேட்டார்: "சனம் பொய் சொல்லுமே, இதை எப்படி நம்புவது?" "சொல்லும்தான்" என்றார் சுப்பர்வைசர். குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த என் முதல் நாற்பது தாள்களையும் எடுத்து வைத்தார். "இது தாய்க்கு முன்னால் சொன்னது. இது தாய் அடுப்படியில் நின்றபோது எழுதியது. அதே வீடுகள். எங்கள் பிழை எவ்வளவு என்று நாங்களே காட்டுகிறோம். உங்கள் கைதுகளையும் இப்படித் திரும்பச் சோதித்துக் காட்டுவீர்களா?" கேட்டவர் குனிந்து குறிப்பெழுதத் தொடங்கினார். "அந்தப் பிழை இவர்தான்" என்று என்னை எழுப்பியும் விட்டார் சுப்பர்வைசர். மண்டபமே சிரித்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

ஓய்வுபெறும்போது சுப்பர்வைசர் உறையை எனக்கே தந்தார். இன்று எங்கள் பிளாசாவில் இடியப்பக் கடைக்குப் பக்கத்தில் கஞ்சாக் கடை; வரிசையில் எல்லா நிறத்தவரும் நிற்கிறார்கள். அவருடைய மகன் லொறி ஓட்டுகிறான். அந்த எலெக்ட்ரீஷியன் வேலை திரும்பவில்லை. போன கிழமை அந்தக் கஞ்சாக் கடையைத் தாண்டும்போது, மனைவி பக்கத்தில் வர, என் மகள் கேட்டாள்: "அப்பா, ஹாவ் யூ எவர்?"

"வீட்டை போய் அம்மாட்டை ஒரு தேத்தண்ணி கேளும்" என்றேன். "நான் தலையணி உறையை எடுத்துக்கொண்டு வாறன்."